கருமருந்து ரிவால்வர்: எவ்வளவு மருந்து, எந்தக் குண்டு, எந்தச் சட்டம்?

கைபேசியில் ஒரு காணொளி ஓடுகிறது. தொப்பி அணிந்த வெள்ளைக்காரர் ஒருவர் பித்தளை மினுங்கும் பழங்கால ரிவால்வரைக் கையில் எடுக்கிறார். சுழலும் உருளையில் கறுப்பு மருந்தைக் கொட்டி, ஈயக் குண்டை அழுத்தி, ஆறு முறை சுடுகிறார். திரை முழுவதும் வெண்புகை. முடிவில், "இது பழங்காலப் பொருள். லைசென்ஸ் தேவையில்லை. ஆர்டர் செய்தால் வீட்டுக்கே வரும்" என்கிறார்.

அவர் பொய் சொல்லவில்லை. அவர் வாழும் அமெரிக்காவில் அது பெரும்பாலும் உண்மை. அதே பொருள் குளுவாங்கிலோ கூலாயிலோ உள்ள ஒரு வீட்டு வாசலுக்கு வந்து இறங்கினால், அதை வாங்கியவர் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருக்கும். பழைய பொருள்களிலும் போர் வரலாற்றிலும் ஆர்வம் உள்ள நம் இளைஞர்கள் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது அவசியம். அந்தத் துப்பாக்கி எப்படி வேலை செய்கிறது, அதற்கு மருந்தும் குண்டும் எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள், நம் நாட்டுச் சட்டம் அதை எப்படிப் பார்க்கிறது ஆகிய மூன்றையும் இக்கட்டுரை விளக்குகிறது.

தோட்டா இல்லாத துப்பாக்கி

இன்றைய துப்பாக்கிகளில் மருந்து, குண்டு, தீப்பொறி தரும் கேப் மூன்றும் ஒரே பித்தளைக் கூட்டுக்குள் அடைத்துத் தொழிற்சாலையிலிருந்து வருகின்றன. அதைத்தான் தோட்டா என்கிறோம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இருந்த ரிவால்வர்களுக்கு அப்படிப்பட்ட தோட்டா கிடையாது. சுடுபவரே ஒவ்வோர் அறையிலும் மருந்தை அளந்து கொட்டி, அதன் மேல் ஈயக் குண்டை வைத்து அழுத்தி, அறையின் பின்புறம் உள்ள சிறு முளையில் செம்புக் கேப்பைச் செருகுவார். விசையை இழுத்தால் சுத்தி அந்தக் கேப்பின் மேல் விழும். தீபாவளிக்குப் பிள்ளைகள் பொம்மைத் துப்பாக்கியில் வெடிக்கும் பொட்டு வெடி நினைவிருக்கிறதா? ஏறக்குறைய அதே தத்துவம்தான். அடி விழுந்ததும் பொறி பறந்து உள்ளே இருக்கும் மருந்தைப் பற்ற வைக்கும்.

அடித்தால் பற்றும் மருந்தைத் துப்பாக்கிக்குப் பயன்படுத்தும் முறைக்கு 1807இல் காப்புரிமை பெற்றவர் அலெக்சாண்டர் ஃபோர்சைத் என்ற ஸ்காட்லாந்து பாதிரியார். சுழலும் உருளை கொண்ட கைத்துப்பாக்கிக்கு 1836இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றவர் சாமுவேல் கோல்ட். அவருடைய நிறுவனம் வெளியிட்ட 1851ஆம் ஆண்டு 'நேவி', 1860ஆம் ஆண்டு 'ஆர்மி' ஆகிய மாதிரிகள் உலகப் புகழ் பெற்றன. நம் ஜொகூர் வரலாற்றோடு ஒப்பிட்டால் அது எந்தக் காலம் என்பது எளிதில் விளங்கும். தஞ்சோங் புத்ரி என்ற பெயரில் ஒரு சிறு துறைமுகம் 1855இல் உருவாகி, 1866இல் ஜொகூர் பாரு என்று பெயர் மாறியதே, அந்தக் காலத்து ஆயுதம் அது.

இப்போது காணொளிகளில் தெரிபவை பெரும்பாலும் அசல் அல்ல, மறுபதிப்புகள். அமெரிக்க உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு 1961இல் வரவிருந்தபோது, பழைய மாதிரிகளுக்கு ஆர்வலர்களிடையே பெரும் தேவை ஏற்பட்டது. இத்தாலியின் பிரெஷியா வட்டாரத் துப்பாக்கிப் பட்டறைகள் அந்தத் தேவையைப் பிடித்துக்கொண்டன. ஊபெர்ட்டி, பியெட்டா போன்ற இத்தாலிய நிறுவனங்கள் இன்றும் இவற்றைச் செய்கின்றன. பார்வைக்குப் பழசு, ஆனால் புது இரும்பில் செய்த, சுடக்கூடிய ஆயுதம் என்பதை வாசகர்கள் மனத்தில் வைக்க வேண்டும்.

கருமருந்தின் குணம்

கருமருந்து என்பது வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகிய மூன்றின் கலவை. கிழக்கிந்தியக் கம்பெனி பீகாரிலிருந்து கப்பல் கப்பலாக ஏற்றிச் சென்ற சரக்குகளில் வெடியுப்பும் ஒன்று. ஐரோப்பியப் போர்களில் முழங்கிய பீரங்கிகளுக்கு உள்ளே இருந்ததில் இந்திய மண்ணின் உப்பும் உண்டு.

இந்த மருந்துக்கு இரண்டு குணங்கள் உள்ளன. முதலாவது, இது மணிகளின் மேற்பரப்பிலிருந்து எரியும். மணி சிறிதானால் அதே எடைக்கு மேற்பரப்பு அதிகம், எரிவதும் வேகம். ஆகவே மருந்தை மணியின் பருமனை வைத்துத் தரம் பிரித்து விற்கிறார்கள். 'எஃப்' என்ற எழுத்து எத்தனை முறை வருகிறதோ அந்த அளவுக்கு மணி நுண்மையானது. பெரிய குழல் கொண்ட நீளத் துப்பாக்கிகளுக்கு இரண்டு எஃப். ரிவால்வருக்கு வழக்கமாக மூன்று எஃப். நான்கு எஃப் என்பது சிக்கிமுக்கிக் கல் துப்பாக்கியின் கிண்ணத்தில் பற்ற வைக்க மட்டும் உதவும் பொடி.

இரண்டாவது, எரிந்து முடிந்தபின் அதில் பாதிக்கு மேல் திடப்பொருளாக மிஞ்சும். காணொளியில் தெரியும் வெண்புகையும், குழலுக்குள் படியும் கரிய பிசுக்கும் அதுதான். சில சுற்றுகள் சுட்டதும் உருளை சுழலத் தடுமாறுவதற்கும் அதுவே காரணம்.

எவ்வளவு மருந்து?

மருந்தின் அளவைக் 'கிரெய்ன்' என்ற பழைய அலகில் சொல்வார்கள். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெய்ன். ஒரு கிரெய்ன் என்பது சுமார் 0.065 கிராம். 20 கிரெய்ன் என்றால் 1.3 கிராம், ஏறக்குறைய கால் தேக்கரண்டி. கருமருந்தை எடை போடுவதைவிட, அளவுக் குழாயில் நிரப்பி அளப்பதே வழக்கம்.

0.36 அங்குல 'நேவி' ரகத்துக்குப் பொதுவாக 15 முதல் 25 கிரெய்ன் வரை இடுகிறார்கள். 0.44 அங்குல 'ஆர்மி' ரகத்துக்கு 20 முதல் 30 வரை. இவை பொதுவான எல்லைகளே. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் உள்ள உச்ச வரம்பை அதன் தயாரிப்பாளர் கையேட்டில் குறிப்பிட்டிருப்பார். அதை மீறக் கூடாது என்பது எல்லாச் சுடும் மன்றங்களும் சொல்லும் முதல் பாடம்.

சட்டகம் எந்த உலோகம் என்பதும் முக்கியம். மறுபதிப்புகளில் சில, பித்தளைச் சட்டகத்தோடு வருகின்றன. பார்க்கத் தங்கம் போல அழகு. ஆனால் பித்தளை, எஃகைவிட மென்மையானது. உச்ச அளவு மருந்தை இட்டுத் தொடர்ந்து சுட்டால் சட்டகம் கொஞ்சம் கொஞ்சமாக நெகிழ்ந்து, குழலும் உருளையும் சரியாகப் பொருந்தாமல் போகும். அதனால் பித்தளைச் சட்டகத்துக்கு எப்போதும் குறைந்த அளவையே பரிந்துரைப்பார்கள்.

அறை நிறைய மருந்து இட்டால்தான் வீரம் என்று நினைப்பவர்களுக்கு 'வாக்கர்' ரிவால்வரின் கதை ஒரு பாடம். 1847இல் கோல்ட் செய்த அந்த இராட்சதத் துப்பாக்கியின் எடை இரண்டு கிலோகிராமுக்கும் மேல். ஓர் அறையில் 60 கிரெய்ன் வரை கொள்ளும். அக்கால இரும்பு அதைத் தாங்கவில்லை. பல துப்பாக்கிகளின் உருளைகள் வெடித்துப் பிளந்தன. அடுத்து வந்த 'டிராகூன்' மாதிரியில் கோல்ட் செய்த மாற்றங்களில் ஒன்று, அறையின் நீளத்தைக் குறைத்து, இடக்கூடிய மருந்தைக் கட்டுப்படுத்தியது.

குறி பார்த்துச் சுடும் போட்டியாளர்களின் அனுபவமும் இதையே சொல்கிறது. அவர்கள் உச்ச அளவுக்குப் போவதே இல்லை. குறைந்த அளவில் ஆரம்பித்து, ஒவ்வோர் அளவுக்கும் தாளில் குண்டுகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்று பார்ப்பார்கள். நெருக்கம் எங்கே அதிகமோ அங்கே நிறுத்திக்கொள்வார்கள். பெரும்பாலும் அது எல்லையின் கீழ்ப்பாதியில்தான் அமையும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. கருமருந்துக்கு அது இன்னும் பொருந்தும்.

குண்டும் ரவையும்

குண்டைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. அறையின் விட்டத்தைவிடக் குண்டு இம்மியளவு பெரிதாக இருக்க வேண்டும். 0.36 ரகத்துக்கு 0.375 அல்லது 0.380 அங்குலக் குண்டு. 0.44 ரகத்துக்கு 0.451 அல்லது 0.454 அங்குலம். முன்னது சுமார் 5 கிராம், பின்னது சுமார் 9 கிராம் எடை. நெம்புகோலால் குண்டை அறைக்குள் அழுத்தும்போது, அதன் விளிம்பிலிருந்து மெல்லிய ஈய வளையம் ஒன்று சீவப்பட்டு வெளியே வரும். அந்த வளையம் முழுதாக வந்தால் குண்டு அறையை இறுக அடைத்துவிட்டது என்று பொருள். கலப்பில்லாத மென் ஈயம் தேவைப்படுவதும் இதனால்தான். கடின ஈயமாக இருந்தால் சீவப்படாது, நெம்புகோலும் உடையலாம்.

குண்டுக்கும் மருந்துக்கும் இடையே காற்று இடைவெளி இருக்கவே கூடாது. இடைவெளி இருந்தால் எரியும் வாயுவின் அழுத்தம் எதிர்பாராத இடத்தில் ஏறி, உலோகத்தைச் சேதப்படுத்தலாம். ஆனால் குறைந்த மருந்து இட்டால் அறையில் இடம் மிஞ்சுமே, என்ன செய்வது? இதற்குப் போட்டியாளர்கள் கண்ட வழி நம் வீட்டுச் சமையலறையில் இருக்கிறது. ரவை. உப்புமா கிண்டுகிற அதே ரவையை மருந்துக்கு மேல் அளந்து கொட்டி, அதன் மேல் குண்டை அழுத்துவார்கள். மிஞ்சிய இடம் அடைபடும். குண்டும் அறையின் வாய்க்கு அருகில் வந்து நிற்பதால், குழலுக்குள் நேராகப் பாயும். சிலர் ரவைக்குப் பதில் எண்ணெய் ஊறிய கம்பளி வில்லைகளைப் பயன்படுத்துவார்கள்.

அறைக்கு அறை தாவும் நெருப்பு

இந்த ரிவால்வருக்கே உரிய பேராபத்து ஒன்று உண்டு. ஓர் அறையில் பற்றிய நெருப்பு பக்கத்து அறைகளுக்கும் தாவி, இரண்டு மூன்று குண்டுகள் ஒரே சமயத்தில் வெடிப்பதுதான் அது. குழலுக்கு நேரே இல்லாத அறை வெடித்தால் குண்டுக்கு வெளியேற வழி ஏது? துப்பாக்கி சிதறலாம், பிடித்திருக்கும் கையும் சிதறலாம்.

முன்பக்கம் குண்டு தளர்வாக இருந்தாலும் நெருப்பு நுழையும். பின்பக்கம் கேப் முளையில் சரியாகப் பொருந்தாமல் தொளதொளவென்று இருந்தாலும் நுழையும். மேலே சொன்ன ஈய வளையம், ரவை அல்லது கம்பளி வில்லை, குண்டின் மேல் பூசும் கெட்டியான கொழுப்பு, முளைக்குப் பொருத்தமான அளவுக் கேப் ஆகிய ஒவ்வொன்றும் இந்த நெருப்பைத் தடுக்கும் கதவுகள்.

கொழுப்பு என்றதும் 1857ஆம் ஆண்டுச் சிப்பாய்க் கலகம் நினைவுக்கு வரும். அன்று பிரச்சினையான என்ஃபீல்ட் துப்பாக்கியின் காகிதத் தோட்டாவும் இதே கருமருந்துக் காலத்தைச் சேர்ந்தது. மருந்தையும் குண்டையும் காகிதத்தில் சுற்றிக் கொழுப்பு தடவியிருந்தார்கள். அந்தக் கொழுப்பு மாட்டினுடையதா, பன்றியினுடையதா என்ற சந்தேகம் ஒரு பேரரசையே ஆட்டியது. இன்றைய ஆர்வலர்கள் பெரும்பாலும் தேன்மெழுகும் தாவர எண்ணெயும் கலந்து பூசுகிறார்கள்.

இன்னும் சில விதிகள் உண்டு. கேப்பை எப்போதும் கடைசியாக, சுடும் இடத்தில் நின்று, குழல் குறியை நோக்கி இருக்கும்போது மட்டுமே செருக வேண்டும். துப்பாக்கியை உடலில் தாங்கி நடந்த பழைய ஆட்கள் பலர் ஆறு அறைகளில் ஐந்தை மட்டும் நிரப்பி, சுத்தியைக் காலி அறையின் மேல் இறக்கி வைத்தார்கள். பெரிய மருந்துக் குடுவையிலிருந்து நேராகத் துப்பாக்கிக்குள் கொட்டக் கூடாது. உள்ளே ஒரு கங்கு மிஞ்சியிருந்தால் குடுவை முழுவதும் கையிலேயே பற்றிவிடும். பன்னாட்டுப் போட்டிகளில் ஒவ்வொரு சுற்றுக்கும் உரிய மருந்தைத் தனித்தனிச் சிறு குப்பிகளில் முன்கூட்டியே அளந்து வர வேண்டும் என்பது விதி.

புகையில்லா மருந்து கூடவே கூடாது

1884இல் பிரான்ஸ் நாட்டு வேதியியலாளர் பால் வியேய் புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்தார். இன்றைய தோட்டாக்களில் இருப்பது அந்த வகை. அது கிட்டத்தட்ட முழுவதும் வாயுவாக மாறிவிடும். அதே அளவை இந்தப் பழைய மாதிரிக்குள் இட்டால், அது தாங்கக்கூடிய அழுத்தத்தைப் பல மடங்கு மீறி உருளை வெடிக்கும். உலகெங்கும் கருமருந்துத் துப்பாக்கிகள் சிதறிய விபத்துகளில் இந்தத் தவறு அடிக்கடி காணப்படுகிறது. பழைய தோட்டாவைப் பிரித்து அதிலுள்ள மருந்தை எடுத்துப் போட்டுப் பார்க்கலாம் என்ற எண்ணமே உயிருக்கு ஆபத்து.

வீட்டில் மருந்து கலப்பதும் அவ்வாறே. பண்டிகைக் காலத்தில் வீட்டுப் பட்டாசு செய்யப் போய் விரல்களையும் கண்களையும் இழந்தவர்களின் செய்தியை நம் நாட்டு நாளேடுகளில் ஆண்டுதோறும் படிக்கிறோம். நீண்ட அனுபவமும் பாதுகாப்பு ஏற்பாடுகளும் உள்ள ஆலைகளிலேயே விபத்து நிற்கவில்லை என்பதற்குச் சிவகாசி சாட்சி.

சுட்டு முடித்த பின்னும் வேலை இருக்கிறது. மிஞ்சும் பிசுக்கு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி இரும்பை அரிக்கும். வெந்நீரும் சோப்பும் கொண்டு அன்றே கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூச வேண்டும். நம் ஊர்க் காற்றின் ஈரப்பதத்துக்கு ஒரே இரவில் துரு கண்டுவிடும்.

அங்கே ஏன் தபாலில் வருகிறது?

அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1898ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ செய்யப்பட்டவற்றைப் பழங்காலப் பொருள் என்று பிரித்து வைக்கிறது. இன்றைய தோட்டாவைப் பயன்படுத்தாத மறுபதிப்புகளுக்கும் அந்த விலக்கு உண்டு. அதனால்தான் அங்கே பல மாநிலங்களில் கருமருந்து ரிவால்வரைத் தபாலில் வாங்க முடிகிறது. அங்கேயும் சில மாநிலங்கள் தனிக் கட்டுப்பாடு விதித்துள்ளன. இங்கிலாந்தில், சுடக்கூடிய மறுபதிப்பை வைத்திருக்கக் காவல்துறையின் சான்றிதழ் வேண்டும். கருமருந்து வாங்கவும் தனிச் சான்றிதழ் வேண்டும்.

ஆக, "லைசென்ஸ் தேவையில்லை" என்பது ஒரு நாட்டின் ஒரு சட்டம் தரும் சலுகை. அது எல்லை தாண்டாது.

நம் நாட்டுச் சட்டம்

மலேசியாவின் ஆயுதச் சட்டம் ஏன் இவ்வளவு கடுமை என்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1948இல் அவசரகாலம் பிரகடனமானபோது, அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. நம் சமூகம் அதன் கொடுமையை நேரடியாகக் கண்டது. அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி, கைத்துப்பாக்கியும் தோட்டாக்களும் வைத்திருந்த குற்றத்திற்காக 1949 மே 4ஆம் தேதி கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். தோட்டத் தொழிலாளர் வரலாற்றில் அந்த நாள் இன்றும் பேசப்படுகிறது. ஜொகூரில், மூவார் ஆற்றங்கரையில் இருந்த புக்கிட் கெப்போங் காவல் நிலையம் 1950 பிப்ரவரி 23ஆம் தேதி அதிகாலையில் தாக்கப்பட்டு எரிக்கப்பட்டது. காவலர்களோடு அவர்களின் குடும்பத்தினரும் மாண்டனர்.

அவசரகாலம் முடிவுக்கு வந்த 1960ஆம் ஆண்டிலேயே ஆயுதச் சட்டமும் வந்தது. உயிரைப் பறிக்கக்கூடிய, குழல் உள்ள, குண்டையோ வேறு எறிபொருளையோ வெளியேற்றக்கூடிய எந்தக் கருவியும் அச்சட்டத்தின் பார்வையில் ஆயுதம். காற்றுத் துப்பாக்கிகூட அதில் அடங்கும். அதன் உதிரிப் பாகமும் அடங்கும். மருந்து எந்தத் திசையிலிருந்து இடப்படுகிறது, மாதிரி எந்த நூற்றாண்டைச் சேர்ந்தது என்பதை வைத்து அந்த விளக்கம் அமையவில்லை. கருமருந்து ரிவால்வர் 9 கிராம் ஈயக் குண்டை வினாடிக்குச் சுமார் 250 மீட்டர் வேகத்தில் அனுப்பும். அது ஆயுதமா இல்லையா என்று வாதாட இடமில்லை.

உரிமம் இன்றி ஆயுதம் வைத்திருந்தால் 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 7 ஆண்டு வரை சிறை, 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். 1971ஆம் ஆண்டு சுடும் ஆயுத (கூடுதல் தண்டனை) சட்டத்தின் 8ஆவது பிரிவில் குற்றஞ்சாட்டப்பட்டால் நிலைமை இன்னும் கடுமை: 14 ஆண்டு வரை சிறை, குறைந்தது 6 பிரம்படி. மருந்துக்குத் தனியாக 1957ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டம் இருக்கிறது. துப்பாக்கி ஒரு வழக்கு, அதற்குள் போக வேண்டிய மருந்து இன்னொரு வழக்கு.

"சுடாத மாதிரிதானே, சுவரில் மாட்டத்தானே" என்பவர்களும் கவனிக்க வேண்டும். பார்வைக்குத் துப்பாக்கி போல் இருக்கும் போலி ஆயுதத்தை அனுமதியின்றி வைத்திருப்பதும் ஆயுதச் சட்டத்தின் 36ஆவது பிரிவின்கீழ் குற்றம். ஓர் ஆண்டு வரை சிறை, 5,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். அதைக் காட்டி எவரையாவது மிரட்டினால் தண்டனை வேறு கணக்கு.

பாலம் கடப்பவர்கள் கவனத்திற்கு

ஜொகூர் பாரு, மாசாய், ஸ்கூடாய் வட்டாரங்களிலிருந்து நம்மவர் பலர் தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறார்கள். அங்கே ஆயுதக் குற்றச் சட்டம் இன்னும் இறுக்கமானது. சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால் குறைந்தது 5 ஆண்டு, அதிகபட்சம் 10 ஆண்டு சிறை, குறைந்தது 6 பிரம்படி. துப்பாக்கி வடிவச் சிகரெட் லைட்டரைக் கொண்டு போவதே தடை செய்யப்பட்ட நாடு அது. பிள்ளையின் பொம்மைத் துப்பாக்கியோ அலங்கார மாதிரியோ மோட்டார் சைக்கிள் பெட்டியில் மறதியாகக் கிடந்தாலும் சோதனைச் சாவடியில் பதில் சொல்ல வேண்டி வரும். கடப்பதற்கு முன் பெட்டியை ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

பழைய வீட்டில் கிடைத்தால்

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பழைய லயங்களும் பங்களாக்களும் இடிக்கப்படும்போது, பரணிலிருந்தோ மண்ணுக்கு அடியிலிருந்தோ பழைய துப்பாக்கி ஒன்று வெளிப்படுவது நடக்காத காரியம் அல்ல. ஜப்பானியர் காலமும் அவசரகாலமும் கடந்த மண் இது. அப்படி எதையாவது கண்டால் மூன்று காரியங்களைச் செய்ய வேண்டாம். எடுத்துப் பார்க்க வேண்டாம். விசையையோ சுத்தியையோ அசைக்க வேண்டாம். பிறகு பார்க்கலாம் என்று வீட்டில் வைக்க வேண்டாம்.

காரணம் எளிது. மருந்து கெட்டித்த நிலையிலேயே கைவிடப்பட்ட பழைய துப்பாக்கிகள் பல தலைமுறை கழித்து வெடித்திருக்கின்றன. கருமருந்து ஈரம் படாமல் அடைபட்டிருந்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. வெளியிலிருந்து பார்த்து அறை காலியா நிறைந்ததா என்று சொல்ல முடியாது. பொருள் கிடந்த இடத்திலேயே இருக்கட்டும். பிள்ளைகளை விலக்கிவிட்டு, அருகிலுள்ள காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுங்கள். கண்டெடுத்த உடனே தெரிவிப்பதும், மாதக்கணக்கில் வைத்திருந்து பிடிபடுவதும் ஒன்றல்ல.

ஆர்வம் இருப்பவர்கள்

துப்பாக்கிச் சுடுதல் குற்றமல்ல. அது ஒலிம்பிக் விளையாட்டு. மலேசியாவில் தேசியத் துப்பாக்கிச் சுடும் சங்கமும் மாநிலச் சங்கங்களும் இருக்கின்றன. காவல்துறையின் உரிம முறைக்கு உட்பட்டு, பயிற்சியாளரின் கண்காணிப்பில் கற்றுக்கொள்ள வழி உண்டு. ஆர்வமுள்ள பிள்ளைகளை அந்த வழியில் அனுப்புங்கள்.

கருமருந்துத் துப்பாக்கிகளுக்கென்றே 1971இல் அமைந்த பன்னாட்டுக் குழு ஒன்று உலகப் போட்டிகளை நடத்துகிறது. அதில் கேப் ரிவால்வருக்கான போட்டியின் பெயர் 'மரியெட்'. தூரம் 25 மீட்டர். 30 நிமிடத்தில் 13 குண்டுகள், அவற்றில் சிறந்த 10 கணக்கில் எடுக்கப்படும். அரை மணி நேரத்துக்குப் பதின்மூன்றே குண்டுகள் என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொன்றுக்கும் மருந்து, ரவை, குண்டு, கேப் என்று நிதானமாக இட்டு, மூச்சை அடக்கிச் சுடும் விளையாட்டு இது. காணொளியில் தெரியும் ஆரவாரத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இனி உங்கள் வீட்டுப் பிள்ளை கைபேசியை நீட்டி, "இதுக்கு லைசென்ஸ் வேணாமாம்பா, ஆர்டர் போடலாமா?" என்று கேட்டால், திட்டி விரட்ட வேண்டாம். ரவையைப் பற்றியும் ஈய வளையத்தைப் பற்றியும் சொல்லுங்கள். அமெரிக்கச் சட்டம் வேறு, நம் சட்டம் வேறு என்றும், 14 ஆண்டு சிறையையும் 6 பிரம்படியையும் சொல்லுங்கள். 'வாங்கு' என்ற பொத்தானை அழுத்துவதற்கு முன் அது அவன் காதில் விழுந்திருக்க வேண்டும்.